சபையை ஆராய்ந்தால் அது ஆராய்ச்சி ஆகாதா?

1713இல் தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு ஒரு கையெழுத்துப்படி அனுப்பப்பட்டது. எழுதியவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. தமிழர் கும்பிடும் தெய்வங்கள், அவற்றின் கதைகள், பூசைகள், திருவிழாக்கள், ஊர் எல்லையில் நிற்கும் அம்மன்கள் வரை எல்லாவற்றையும் வகைப்படுத்தி எழுதிய நூல் அது. தன் ஊழியம் யாரிடையே நடக்கிறதோ அந்த மக்களைப் புரிந்துகொள்ள ஏழு ஆண்டுகளாக அவர் கேட்டும் படித்தும் சேர்த்த செய்திகள் அதில் இருந்தன. ஹாலேயில் அதைப் பெற்ற ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அங்கிருந்து வந்த பதிலின் சாரம். 1867இல் வில்ஹெல்ம் ஜெர்மன் என்ற மிஷனரி சென்னையில் பதிப்பிக்கும்வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், அந்நூல் கையெழுத்துப்படியாகவே கிடந்தது. 2005இல் டேனியல் ஜெயராஜ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழரின் சமய வாழ்வை எழுதப் புகும் எவரும் இன்று அதைத் தாண்டிப் போக முடியாது.

ஃபிராங்கே சொன்ன பதிலை இன்றைக்கும் கேட்கலாம். ‘டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி’, சுருக்கமாக டி.மின்., என்றொரு முனைவர் பட்டம் உண்டு. அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் 1970களில் வேரூன்றி, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. இதில் சேரும் போதகர் பணியை விட்டுவிட்டு விடுதியில் போய் உட்காருவதில்லை. தன் சபையில், தன் மருத்துவமனை வார்டில், தன் பள்ளி விடுதியில் உண்மையாகவே நெருடும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் வேர்களைத் தேட வேண்டும், மாற்ற ஒரு முயற்சி செய்ய வேண்டும், அந்த முயற்சியால் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

இதைக் குறித்து நம்மிடையே ஊறிப்போன கருத்து ஒன்றுதான். போதகரை ‘ஐயர்’ என்றழைக்கும் சபை மக்கள் அதை ஒருவிதமாகச் சொல்வார்கள்: “ஐயருக்கு எதுக்கு ஆராய்ச்சி? முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணா போதாதா?” கல்லூரிப் பேராசிரியர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள்: அது வேலை அறிக்கை, ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி.தான், மூல மொழி தெரிய வேண்டும், நூலகத்தில் உட்கார வேண்டும், ஆராயும் பொருளிலிருந்து ஆராய்பவன் விலகி நிற்க வேண்டும். இரு தரப்பும் ஒன்று சேரும் இடம், இது பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ள ஒரு சுலப வழி என்னும் முடிவு.

இந்த முடிவு தவறு என்பது மட்டுமல்ல, தமிழகத்தின் கிராமச் சபைகளுக்குத் தீங்கும் செய்கிறது.

வல்லத்தை வைத்துப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக இருக்கும் ஊர். நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் விளையும் பூமி. 2025 ஜூலையில் மராட்டியப் படை அரண்களின் வரிசையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஆனால் கோட்டையைச் சுற்றியுள்ள காலனிகளில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்த வட்டாரத்தில் பட்டினியோடும் சாதிக் கொடுமையோடும் போராடிய மக்கள் பெருங்கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். செஞ்சியை அடுத்த சேத்துப்பட்டில் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் தர்ராஸ் சாமியார் இருந்தார். திண்டிவனம் பக்கம், ஸ்கட்டர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் இருந்தது. இரண்டின் வாரிசுகளும் இன்று இங்கே உண்டு. அவற்றின் மேல் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெந்தெகொஸ்தே ஜெபவீடுகளும் வந்து சேர்ந்தன.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு சிறு சபை எப்படி இருக்கும்? காலனிக்குள் ஒரு சின்னக் கோயில். ஐயர் நாலைந்து ஊர்களுக்குப் பொதுவானவர். மாதத்தில் ஓரிரு ஞாயிறுதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். வாலிபப் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருப்பார்கள். சில குடும்பங்கள் வருஷத்தில் பாதி நாள் கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடும். ஒரே வீட்டில் பாட்டி ஆர்.சி., மகன் சி.எஸ்.ஐ., மருமகள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகிறவள், பேரன் பள்ளிச் சான்றிதழில் இந்து. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மனைக் கும்பிட்டு வருகிறவர் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுத்துக் கோயிலுக்கும் வருவார்.

இந்தச் சபையில் யார் உறுப்பினர், யார் இல்லை? சூளையில் ஆறு மாதம் இருக்கும் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எப்போது, எங்கே நடத்துவது? பெங்களூரிலிருந்து திரும்பும் வாலிபன் ஏன் அப்பாவின் சபைக்குத் திரும்புவதில்லை? ஊரோடு நடக்கும் சாவில் பறையடிக்கக் கூப்பிட்டால் போவதா, வேண்டாமா? எபிரேயமும் கிரேக்கமும் கசடறக் கற்ற ஒருவரை நூலகத்தில் பத்தாண்டு உட்கார வைத்தாலும் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் வராது. பதில் இருக்கும் இடம் அந்தக் காலனி. அதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த ஐயரும் உபதேசியாரும். அவர்கள் பார்ப்பதை முறையாகப் பார்க்கவும், பார்த்ததை மற்றவர் சோதிக்கும்படி எழுதவும் பயிற்சி கொடுப்பதற்குத்தான் டி.மின். என்று பெயர்.

பட்டக் கொள்ளை பற்றிய குற்றச்சாட்டை முதலில் பேசிவிடலாம். கன்வென்ஷன் போஸ்டர்களில் ‘டாக்டர்’ பெருகிவிட்டது உண்மை. பணம் கட்டினால் வீட்டுக்கே சான்றிதழ் அனுப்பும் பெயர் தெரியாத பல்கலைக்கழகங்கள் இருப்பதும் உண்மை. ஆனால் இது போதகர்களோடு நிற்கும் நோய் இல்லை. 2023இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே போலி கௌரவ டாக்டர் பட்டம் வழங்கும் விழா நடந்து, திரைக்கலைஞர்கள்கூட அதில் ஏமாந்து, பிறகு போலீஸ் வரை போனது. அதைப் பார்த்துப் பொறியியல் ஆராய்ச்சியே போலி என்று யாரும் சொல்லவில்லை. போலியைத் தடுக்க வேண்டுமானால் உண்மையான பட்டத்தின் தரத்தை உயர்த்த வேண்டும். வேலையில் இருந்தபடி மூன்று நான்கு ஆண்டு உழைத்து, தன் தோல்வியையும் சேர்த்து எழுதிய போதகரைப் போலிகளோடு சேர்த்துப் பேசினால் போலிகளுக்குத்தான் லாபம்.

அடுத்தது, வேலை அறிக்கை ஆராய்ச்சி ஆகாது என்னும் வாதம். செஞ்சிக் கோட்டையடியில் நின்றுகொண்டு இதைச் சொல்வது கடினம். 1597இல் நிக்கோலஸ் பிமெண்டா என்ற யேசு சபைக் குரு செஞ்சிக்கு வந்தார். அவர் வந்த வேலை தன் சபையாரின் பணிகளைப் பார்வையிடுவது. கிருஷ்ணப்ப நாயக்கரின் அரசவை, நகரத்தின் அளவு, கோட்டை, தங்கள் குருக்களுக்குக் கிடைத்த அனுமதி என்று கண்டதை எல்லாம் மேலிடத்துக்கு எழுதினார். நாயக்கர் காலத்துச் செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அந்தக் கடிதங்கள்தான் இன்றும் முக்கியச் சான்று. 1943இல் சி. எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சி வரலாற்றை எழுதியபோதும் அவற்றை எடுத்தாண்டார். ஒரு திருச்சபை அதிகாரியின் மேற்பார்வை அறிக்கையை வரலாற்று அறிஞர்கள் தலைமேல் வைத்துக்கொள்ளும்போது, ஒரு போதகரின் சபை ஆய்வு மட்டும் தரத்தில் தாழ்ந்தது என்பது எந்த அளவுகோல்?

வடக்கே இன்னும் வலுவான உதாரணம் உண்டு. 1925இல் வில்லியம் வைசரும் அவர் மனைவி சார்லட்டும் பிரெஸ்பிடேரியன் மிஷனரிகளாக உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போனார்கள். வேளாண்மையும் சுகாதாரமும் மேம்பட வேண்டும் என்பது அவர்கள் ஊழியம். ஊரோடு வாழ்ந்து பார்த்ததில், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் என ஒவ்வொரு சாதிக்கும் நிலக்காரருக்கும் இடையே தானியமாகவும் சேவையாகவும் ஓடும் கடமை வலை ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. அதை வைத்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் வைசர் முனைவர் பட்டம் பெற்றார். 1936இல் நூலாக வந்தது. ‘ஜஜ்மானி முறை’ என்று இந்தியச் சமூகவியல் பாடப்புத்தகங்களில் இன்றும் மாணவர்கள் படிப்பது அவரிடமிருந்து வந்ததுதான். சமூகவியல் துறை கடன் வாங்கியது ஒரு மிஷனரியின் பணிக்களத்திலிருந்து.

வேறு தொழில்களில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. தன் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கணக்கில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று ஓர் ஆசிரியை ஆராய்ந்தால் அதற்குச் ‘செயலாராய்ச்சி’ என்று பெயர், பி.எட். படிக்கும் ஒவ்வொருவருக்கும் அது பாடம். வேலூர் சி.எம்.சி.யின் சமுதாய நலத் துறை, கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் பிறப்பும் இறப்பும் நோயும் பதிவு செய்துவருகிறது. மருந்து கொடுப்பவரும் கணக்கெடுப்பவரும் ஒரே துறையினர். அந்தத் தரவை வைத்து வரும் கட்டுரைகளை உலகம் ஏற்றுக்கொள்கிறது. அந்த மருத்துவமனையும் ஆற்காடு மிஷன் பரம்பரையில் பிறந்ததுதான். கணியம்பாடியில் ஒரு கிறிஸ்தவ மருத்துவர் செய்தால் ஆராய்ச்சி. வல்லத்தில் ஒரு கிறிஸ்தவப் போதகர் செய்தால் வேலை அறிக்கை! இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதையும் யாரும் இதுவரை சொன்னதில்லை.

எதிர்த்தரப்பிடம் இருப்பதில் கனமான வாதம் இனிதான் வருகிறது. சொந்தச் சபையை ஆராய்பவர் நடுநிலையாக இருக்க முடியாது. கேட்பவர் ஐயர் என்பதால் மக்கள் அவருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள் என்கிறார்கள். இது உண்மையான ஆபத்து. ஐயர் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிவியை அணைக்கிறார்கள், நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து பால் வாங்கி டீ போடுகிறார்கள். ஐயர் தாளைப் பிரித்துக்கொண்டு, “தினமும் குடும்ப ஜெபம் நடக்குதாம்மா?” என்று கேட்கிறார். “நடக்குதுங்க ஐயா.” நாற்பது வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில். பிறகு ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் வட்ட வரைபடம் போட்டு நூறு சதவீதம் என்று எழுதினால், அதைப் பார்த்துப் பேராசிரியர் முகம் சுளிப்பது நியாயம்தான்.

இந்த ஆபத்துக்கு மருந்தாகத்தான் ஆய்வு முறை இருக்கிறது. டிம் சென்சிங் 2011இல் டி.மின். மாணவர்களுக்காகவே எழுதிய ஆய்வுமுறை நூலில் இதற்கு நிறைய இடம் கொடுக்கிறார். ஆய்வாளர் கண்டது, உள்ளிருப்பவர் சொன்னது, வெளியிலிருந்து வந்தவர் பார்த்தது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தும் ஒழுங்கு. வல்லத்தில் இதை எப்படிச் செய்வது? “ஜெபம் நடக்குதா?” என்று கேட்பதை விட்டு, “நேத்து ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டுல யார் யார் என்ன பண்ணீங்க?” என்று கேட்கலாம். ஐயர் போகாமல் வேறு ஊர்ச் சபையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பலாம். சபையை விட்டுப் போனவர்களை முதலில் தேடிப்போகலாம். அவர்களுக்கு ஐயரைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் சபையாரிடம் வாசித்துக் காட்டி, “இது தப்பு” என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. பயிற்சியும் பொறுமையும் வேண்டும்.

சீகன்பால்கே இதற்கு முன்னோடி. 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழர்களிடம் கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதில்களை எழுத்திலேயே வாங்கினார்கள். அப்படி வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. அவற்றில் பெரும்பகுதி, சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் எழுதியவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள் தேன் தடவியவை அல்ல. ஐரோப்பியரின் குடி, உணவு, சுத்தமின்மை, நடத்தை எல்லாவற்றையும் எழுதியவர்கள் வெளிப்படையாகச் சாடினார்கள். மிஷனரி அதை மறைக்காமல் அனுப்பினார். தனக்கு எதிரான சாட்சியைத் தானே பதிவு செய்யும் ஆய்வாளரைவிட நடுநிலையாளர் யார்?

வெளியாளும் உள்ளாளும் சேர்ந்து செய்த நல்ல முயற்சி ஒன்று 1968இல் வெளிவந்தது. சி.எஸ்.ஐ. குருவான பி. ஒய். லூக்கும் ஹார்வர்டு அறிஞர் ஜான் கார்மனும் தெலங்கானாவில் மேதக் பேராயத்தின் வாடியாரம் சேகரத்துக் கிராமச் சபைகளை ஆராய்ந்தார்கள். ஞானஸ்நானம் பெற்று இரண்டு தலைமுறை ஆனவர்கள் வீட்டிலும் பழைய சடங்குகள் எவ்வளவு, ஏன் தொடர்கின்றன என்று கண்டித்துப் பேசாமல் எழுதினார்கள். லூக் இல்லாமல் கார்மனுக்கு எந்த வீட்டுக் கதவும் அவ்வளவு எளிதில் திறந்திருக்காது. கார்மன் இல்லாமல் லூக்கின் அனுபவம் உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உள்ளே நிற்பவருக்குக் கிடைக்கும் பார்வைக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சத்தியநாதன் கிளார்க், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் தலித் கிராமங்களில் சி.எஸ்.ஐ. குருவாகப் பணியாற்றியவர். அந்த அனுபவத்தை ஹார்வர்டுக்குக் கொண்டுபோய் ஆராய்ச்சியாக்கினார். 1998இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. எழுத்தும் வேதமும் மறுக்கப்பட்ட மக்கள் தெய்வத்தோடு பேசிய ஊடகமாகப் பறையை அவர் வாசித்தார். கிறிஸ்துவையே பறையாகக் காணலாம் என்று வாதிட்டார். பல சபைகள் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த வாத்தியம் அது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், ‘பரட்டை அண்ணன்’ என்று எல்லாரும் கூப்பிட்ட ஜே. தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறைகளை ஆக்கியபோது கற்றுக்கொண்டதும் இதே மக்களிடம்தான். கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை ஏன் காலனி மக்களின் வாயில் ஒட்டவில்லை என்ற நடைமுறைக் கேள்வியைக் கேட்டவர் அவர். அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதும் அளவுக்கு அது கனமான கேள்வியாக இருந்தது.

“ஆவியானவர் நடத்துவார், கணக்கு எதற்கு?” என்பவர்கள் வேதத்திலேயே இரண்டு இடங்களைப் படித்துப் பார்க்கலாம். லூக்கா தன் நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களில் சொல்வது, கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்த செய்திகளைத் தொடக்கத்திலிருந்து விசாரித்து வரிசையாக எழுதுகிறேன் என்பதுதான். எருசலேம் அலங்கத்தைக் கட்டும் முன் நெகேமியா இரவில் புறப்பட்டு, எங்கே இடிந்திருக்கிறது, எங்கே எரிந்திருக்கிறது என்று சுற்றிப் பார்க்கிறார். அதன் பிறகுதான் மக்களைக் கூட்டுகிறார். இந்தியச் சபையும் இதை ஒருமுறை பெரிய அளவில் செய்திருக்கிறது. கூட்டமாக மதம் மாறியவர்களின் விசுவாசம் உண்மையா என்ற சர்ச்சை வலுத்தபோது, தேசிய கிறிஸ்தவ கவுன்சில் ஜே. வாஸ்காம் பிக்கெட்டை ஆய்வுக்கு நியமித்தது. 1933இல் வந்த அவர் அறிக்கை, எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட வந்த பிறகு அவர்களுக்கு ஒழுங்கான போதனையும் வழிபாடும் கிடைத்ததா என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது என்று காட்டியது. தாது வருஷத்தில் ‘கஞ்சிக்காக வந்தவர்கள்’ என்று இன்றுவரை ஏச்சு வாங்கும் செஞ்சிப் பக்கத்து மக்களுக்கு இந்த முடிவு எவ்வளவு முக்கியம்! அதைத் தந்தது ஆராய்ச்சி. வெறும் பிரசங்கத்தால் அந்த ஏச்சை நிறுத்த முடிந்ததில்லை.

ஆராயாமல் விட்டதன் விலையையும் இதே வட்டாரம் கொடுத்திருக்கிறது. எறையூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். 2008இல் விழுப்புரம் மாவட்டம். பழைய கத்தோலிக்க ஊர். வன்னியக் கத்தோலிக்கரும் தலித் கத்தோலிக்கரும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் கல்லறை தனி, சவ ஊர்வலத்துக்கு வழி தனி. தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9இல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தனர். இப்படி ஒரு பிளவு ஒரு நாளில் வெடிப்பதில்லை. திருவிழாவில் தேர் எந்தத் தெருவரை வரும், பாடற்குழுவில் யார் இருப்பார், பங்குப் பேரவையில் யார் பெயர் வரும் என்று வருஷம் முழுக்க அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே பணியாற்றும் குருவுக்கு அது தெரியும். அவருக்கு மாற்றல் வந்தால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். அடுத்து வருபவர் முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அதையே பெயர்களை மறைத்து, ஆதாரங்களைச் சேர்த்து, மாற்ற முயன்று தோற்ற முயற்சிகளோடு ஓர் ஆய்வேடாக எழுதியிருந்தால், மேலிடம் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். காதோடு காதாகச் சொன்னதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பெயரை மறைப்பது இங்கே சம்பிரதாயம் அல்ல, உயிர்ப் பிரச்சினை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர மறுத்தபோது, கோயிலின் ஞானஸ்நானப் பதிவும் அவருக்கு எதிரான சான்றாக இருந்தது. வல்லத்துப் போதகர் தன் ஆய்வேட்டில் “இன்ன தெருவில் இன்ன குடும்பம்” என்று எழுதினால் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் போகலாம். சபை ஆராய்ச்சியே வேண்டாம் என்பதற்கு இதைச் சிலர் காரணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் ஆராயாத போதகரிடமும் அதே பதிவேடு இருக்கிறது. அவரும் கூட்டங்களில் பெயர் சொல்லிச் சாட்சி கூறுகிறார், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். சம்மதம் கேட்கவும், ஊர்ப் பெயரை மாற்றவும், குறிப்பேட்டைப் பூட்டி வைக்கவும் கற்றுக்கொடுப்பது ஆய்வுப் பயிற்சிதான். மானுடவியலாளர் டேவிட் மோஸ் ராமநாதபுரம் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றைப் பற்றி 2012இல் நூல் எழுதியபோது ‘ஆலாபுரம்’ என்று புனைபெயர்தான் கொடுத்தார்.

1950 ஆணையின் பிடியில் சபைப் பதிவேடு பொய் சொல்லும் என்பதையும் ஓர் ஆராய்ச்சிதான் காட்டியது. சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் கற்பித்த ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவைத் தெய்வமாகக் கொண்டு வாழ்பவர்களைத் தமிழ்நாடெங்கும் தேடிப் பார்த்தார். 1991இல் குருகுல் வெளியிட்ட அவர் நூல், சென்னை நகரில் மட்டும் அப்படிப்பட்டவர்கள் லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்று கணித்தது. அந்தக் கணிப்பை ஏற்காதவர்கள் உண்டு. ஏற்காமல் வாதிடவாவது ஓர் எண் கிடைத்ததே, அதற்கு முன்னால் அதுவும் இல்லை.

இந்தப் பட்டத்தில் குறைகள் நிறையவே உண்டு. பல ஆய்வேடுகளில் முதல் நூறு பக்கம் எங்கிருந்தோ எடுத்த வேத ஆராய்ச்சியாகவே இருக்கும். சபை கடைசி முப்பது பக்கத்தில்தான் வரும். அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பிஎச்.டி. உலகம் இதில் தன்னைப் பரிசுத்தமாகக் கருதிக்கொள்ள முடியாது. அபே துபுவா என்ற பிரெஞ்சு மிஷனரி எழுதியதென்று கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகன் கொடுத்து வாங்கி, 1816இல் ஆங்கிலத்தில் வெளியிட்டுப் புகழ் பெற்ற நூலின் பெரும்பகுதி கேர்து என்ற முந்தைய யேசு சபைக் குருவின் எழுத்து என்பதை 1987இல்தான் சில்வியா மூர் நிறுவினார். நூற்றெழுபது ஆண்டுகளாக அறிஞர்கள் அதைத் துபுவாவின் பெயரிலேயே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை மொழி. வல்லத்துப் பாட்டி சொன்னது ஆங்கிலத்தில் ஆய்வேடாகி, பெங்களூரில் ஒரு நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது. அவர் பேரனால்கூட அதைப் படிக்க முடியாது. அரசரடிக் கல்லூரி 1969இல் தொடங்கித் தமிழிலேயே இறையியல் கற்பித்துக் காட்டியது. மாணவர்களை நகரச் சேரிகளில் தங்கிப் படிக்கவும் வைத்தது. முனைவர் நிலையிலும் அதைச் செய்யத் தடை எதுவும் இல்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று கல்லூரி அடம்பிடித்தால், இருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம் இல்லாமல் பட்டம் இல்லை என்று பேராயங்கள் நிபந்தனை போடலாம். அந்தச் சுருக்கத்தை எந்தச் சபையில் ஆய்வு நடந்ததோ அங்கே ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசிக்க வேண்டும். சபையார் சொல்லும் மறுப்பைப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். ஒரு பிரதி சேகரத்து அலுவலகத்தில் பதிவேடுகளோடு இருக்க வேண்டும். ஐயர் மாற்றலாகிப் போனாலும் அது போகக் கூடாது. அடுத்து வரும் ஐயர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அதைப் படித்துவிட்டு, எந்த வீட்டில் யார் சூளைக்குப் போயிருக்கிறார்கள் என்று உபதேசியாரிடம் கேட்டு வேலையைத் தொடங்கலாம்.